கேட்டவர்

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சௌக்கியம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை கூடிவிட்டது, அதனால் உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவையாவது நாலு வரி எழுது. "நலம்" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் அதையே மூன்று தடவை வாசிக்கச் சொல்லி என் உயிரை வாங்குகிறாள்.

எங்கள் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒருவழியாக 'ஜே' எழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களைப் பங்கு பிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரிக்கு 'ஜக்' விழுந்தது. ஒரு படத்தைப் போட்டு மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு ஊறுகாய் சாப்பிடுகிற மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு விழுந்தது 'ஜஸ்ட்'. பழைய அகராதியில் 'நியாயமான' என்று போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். ஆனால் ஜனங்கள் அதை எங்கெல்லாமோ போடுகிறார்கள். இப்போதுதான், சரியாக, மயிரிழையில், வெறும், சும்மா, கொஞ்சம் என்று பிடிபடாமல் ஓடுகிறது. நாமே "ஜஸ்ட் பாஸ்" என்கிறோம். நீயும் அப்படித்தானே பள்ளிக்கூடத்தைத் தாண்டினாய்!

எங்கள் தலைமை ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? யார் எதைப் பேசினாலும் "அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார் என்பதால் முற்றுப்புள்ளி என்று நாங்கள் பெயர் வைத்திருப்பவர். அவருக்குப் புத்தக வாக்கியம் போதாதாம். வாயில் வருகிற வாக்கியம் வேண்டுமாம். நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன், "என் தம்பி வெளிநாட்டுல பெரிய ஆபீஸ்ல இருக்கான் சார், அஞ்சு மாடிக்கும் அவன்தான் பொறுப்பு, அவன்கிட்ட கேக்குறேன்" என்று. மானத்தைக் காப்பாற்று.

வெற்றுச் சீட்டுகள் அறுபது வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான்கு வரி எழுத வேண்டும். வாக்கியம், சொன்னவர், கேட்டவர், இடம். பெயர் வேண்டாம், என்ன வேலை செய்பவர் என்று இருந்தால் போதும். வாக்கியத்தை நீ திருத்தக் கூடாது, காதில் விழுந்தபடி இருக்க வேண்டும்.

ஆபீசில் உன் நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உனக்குச் சளி பிடிக்குமாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போன மாதம் இருமல் இருந்தது, இப்போது இல்லை. நாலு வரி வந்துவிட்டதா என்று அம்மாவை எண்ணிப் பார்க்கச் சொல்லவும்.

பதினான்கு சீட்டுகள் அனுப்பியிருக்கிறேன். அக்கா, இது ஒரு வியாதி மாதிரி பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் காதில் விழாத சொல் இப்போது ஈ மாதிரி சுற்றிச்சுற்றி வருகிறது. லிஃப்டுக்கு ஓடுகிறவர் "ஜஸ்ட் எ மினிட்" என்கிறார், லிஃப்ட் அதைக் கேட்பதில்லை. தாமதமாக வருகிற ஒருவர் தினமும் "ஐ ஜஸ்ட் கேம் இன்" என்று தொலைபேசியில் சொல்கிறார். அவர் வந்து கால் மணி ஆகியிருக்காது என்பது மட்டும் நிஜம். இரண்டாம் மாடியில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் காப்பியைக் கொட்டிக்கொண்டு, "தட்ஸ் ஜஸ்ட் வாட் ஐ நீடட்" என்றார். எனக்கு இதுதான் வேண்டியிருந்தது என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இது எந்தப் பொருளில் சேரும் என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

'நியாயமான' என்ற பொருளில் இங்கே யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் உடனே எழுதுகிறேன்.

நான்கு சீட்டுகளில் 'கேட்டவர்' என்ற இடத்தை விட்டுவிட்டேன். சரியாகக் கவனிக்கவில்லை.

நான் உட்காருவதே குறைவு, அதனால் மின்விசிறியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லவும்.

உங்கள் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் இருமல் போன செய்தி கேட்டு அம்மா தெம்பாகிவிட்டாள். "உக்காரக்கூட நேரமில்லாம வேலை பாக்குறான் எம்புள்ள" என்று கீழ்வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். 

சீட்டுகள் பிரமாதம். காப்பிச் சீட்டை முற்றுப்புள்ளி இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். பார், எனக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது.

ஆனால் நான்கு சீட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன். காலி இடம் இருந்தால் எங்கள் பெட்டியில் ஏறாது. "ஜஸ்ட் லீவ் இட் தேர்", அதாவது அங்கேயே வை என்று ஒரு பெண் அதிகாரி மூன்றாம் மாடியில் சொல்கிறார். எதை வைக்கச் சொன்னார், யாரிடம் சொன்னார்? சக அதிகாரியிடம் சொன்னால் அது ஒரு தொனி, கடைநிலை ஊழியரிடம் சொன்னால் வேறு தொனி. 'ஜஸ்ட்' மாதிரிச் சொல்லுக்கு அர்த்தமே அதில்தான் இருக்கிறது. கேட்டவர் யார் என்று யோசித்துப் பார்த்து நிரப்பு. நீ கவனிக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. நம் வீட்டில் யார் எந்தப் படியில் ஏறினார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நீ.

உறையைப் பிரித்ததும் அம்மா முகர்ந்து பார்த்தாள். "என்னடி இது, மருந்து வாசனை?" என்றாள். வெளிநாட்டுக் காகிதம் அப்படித்தான் மணக்கும் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவரின் சுகம் அறிந்து மகிழ்ச்சி. அம்மாவின் கண்ணுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா? நான் சுகமே.

நான்கு சீட்டுகளையும் நிரப்பிவிட்டேன். கேட்டவர், துப்புரவுத் தொழிலாளி. வைக்கச் சொன்னது குப்பைக் கூடையை.

இன்னும் இருபத்தாறு சீட்டுகள் இதோடு வருகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சீட்டில் இடம் போதவில்லை.

மூன்றாம் மாடியில் கூட்ட அறை இருக்கிறது. காலை எட்டரைக்குள் அதைத் துடைத்து முடிக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் துப்புரவுத் தொழிலாளி கதவைத் திறந்துவிட்டார். உள்ளே அந்தப் பெண் அதிகாரியும் இன்னொருவரும் ஏதோ ரகசியம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த இன்னொருவர் திடுக்கிட்டுப் பேச்சை நிறுத்தினார். அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "இட்ஸ் ஜஸ்ட் த கிளீனர்" என்றார். யாரும் இல்லை, துடைக்கிறவன்தான் என்பது போல. உடனே இருவரும் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை அக்கா. நல்ல மனுஷி, காலையில் வணக்கம் சொல்கிறவர். பயந்தவருக்குத் தைரியம் சொல்கிற குரலில்தான் சொன்னார். அதுதான் எந்தப் பொருளில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. துப்புரவுத் தொழிலாளி வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அப்புறம் மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கேட்டவர் என்ற இடத்தில் இரண்டு பேரையும் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதலாமா?

உங்கள் தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அம்மா சுகம். கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

சீட்டுகள் கிடைத்தன. எல்லாம் சரியாக இருக்கின்றன. கேட்டவர் இடத்தில் இரண்டு பேரை எழுதலாம், தவறில்லை. முற்றுப்புள்ளி உன் சீட்டுகளை எல்லோருக்கும் முன்னால் விரித்து வைத்து ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். இனிமேல் சீட்டு அனுப்ப வேண்டாம், 'ஜஸ்ட்' முடிந்துவிட்டது, மாதிரிப் பக்கங்கள் சீக்கிரம் அச்சாகும். எனக்கு அடுத்த சொல்லாக 'ஜாயிண்ட்' வந்திருக்கிறது, அதற்கு ஆள் வேண்டாம்.

தனிப் பொட்டலத்தில் ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். கை விரல் இடுக்குகளில் வெடிப்பு இருந்தால் படுக்கும்போது தடவிக்கொண்டு பழைய துணியைச் சுற்றிக்கொள். "பேனா புடிக்கிற கைக்கு எதுக்குடி களிம்பு?" என்று அம்மா கேட்டாள். அங்கே குளிர் என்று சொன்னேன்.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு வந்தது. தடவிக்கொள்கிறேன், நல்ல குணம் தெரிகிறது. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன கடிதம் உங்கள் கடிதம் மாதிரி இல்லை. கிண்டல் ஒன்றுகூட இல்லை. என் சீட்டுகளால் ஆபீசில் உங்களுக்கு ஏதாவது சங்கடம் வந்ததா? வந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

வேண்டாம் என்று சொன்ன பிறகும் காது நிற்க மாட்டேன் என்கிறது. சட்டைப் பையில் சீட்டு வைத்துக்கொண்டு எழுதுவதை அந்த மூன்றாம் மாடி அம்மா பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். என் அக்கா அகராதி எழுதுகிறாள், அவளுக்கு உங்கள் வாக்கியங்களை அனுப்புகிறேன் என்றேன். "என் வாக்கியமா?" என்று ஆச்சரியப்பட்டு, எது என்று கேட்டார். குப்பைக் கூடை வாக்கியத்தை மட்டும் சொன்னேன். மற்றதை மறைத்துவிட்டேன். அப்போதிலிருந்து தினமும், உன் அக்கா புத்தகம் வந்துவிட்டதா என்று விசாரிக்கிறார். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் என்னிடம் ஒருவர் என் வீட்டைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

மாதிரிப் பக்கங்கள் அச்சாகும் என்று எழுதியிருந்தீர்களே, அதில் நன்றிப் பக்கம் உண்டா? பெருமைக்குக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான். ஒரு பிரதி அனுப்ப முடியுமா?

உங்கள் தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மாதிரிப் புத்தகம் அச்சாகிவிட்டது. பிரதி அனுப்ப முகவரி வேண்டும் என்று முற்றுப்புள்ளி கேட்டார், கொடுத்தேன். நான் வீட்டிலிருந்து பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன், அவரே அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டார்.

முன்பக்கங்களை அவசரத்தில் அச்சடித்தார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உள்ளே பதினோராம் பக்கத்தில் உன் காப்பி வாக்கியம் அப்படியே இருக்கிறது, அதைப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்குச் சொட்டு மருந்து கேட்கிறதா?

புத்தகம் வந்தது. தபால் நான் தங்கியிருக்கும் இடத்துக்கு வரும், நான் வேலைக்குக் கிளம்பும்போது கையில் கிடைத்தது. பிரிக்காமலே கொண்டுபோனேன். மூன்றாம் மாடி அம்மாவின் முன்னால் பிரிக்க வேண்டும் என்று ஆசை. அவருடைய மேசையிலேயே வைத்துப் பிரித்தேன். அவர் கத்தரிக்கோல் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் எழுந்து வந்து பார்த்தார்கள். காப்பி வாக்கியத்தைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், யார் கொட்டியது என்று அவர்களுக்குத் தெரியும்.

"உன்னைப் பற்றி எங்கே இருக்கிறது?" என்று அந்த அம்மா கேட்டார். நன்றிப் பக்கத்தைத் திருப்பினேன். தமிழில் எப்படி ஒலிக்கும் என்று கேட்க வேண்டும், சத்தமாகப் படி என்றார். படித்தேன். "எங்கள் குழுவில் எவருக்கும் அறிமுகமில்லாத துப்புரவுத் தொழிலாளி ஒருவர், தம் காதில் விழுந்த நாற்பது வாக்கியங்களை அனுப்பி உதவினார்."

முதல் தடவை படிப்பதே அதுதான் அக்கா. பாதியில் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். முடிக்கிற வரைக்கும் குரலைப் பிடித்துக்கொண்டேன். "வாட் டஸ் இட் சே?" என்றார் அந்த அம்மா. என்ன எழுதியிருக்கிறது என்று.

"இட் சேஸ், மை பிரதர்" என்றேன். 'என் தம்பி' என்று எழுதியிருக்கிறது என்று.

அவர் கை கொடுத்தார். என் கை ஈரமாக இருந்தது, துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

துப்புரவுத் தொழிலாளி என்று அச்சில் பார்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அது நான்தான். உங்களுக்கும் அது மார்ச்சிலேயே தெரியும். களிம்பு வந்த அன்றைக்கு, உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நாம் இருவரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நானும் யோக்கியன் இல்லை. ஐந்து மாடிக்கும் பொறுப்பு என்று எழுதியது நான். ஐந்து மாடிச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது, அதனால் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டவன். அம்மா அதை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவாள் என்று தெரிந்துதான் எழுதினேன். அந்த வெட்கம் என்னுடையது, நானே சுமந்துகொள்கிறேன்.

ஆனால் அந்த 'எவருக்கும் அறிமுகமில்லாத' என்பதை யார் சொல்லி எழுதினார்கள்? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் தம்பி


செப்டம்பர் 9

என் தம்பிக்கு,

சௌக்கியம் விசாரிக்க எனக்கு இப்போது முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

நான் சொல்லித்தான் எழுதினார்கள். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நான்கு பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சீட்டு எழுதினேன். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

வாக்கியம்: "ஜஸ்ட் ஒரு தெரிஞ்ச ஆளு சார், யாருன்னு எனக்கே சரியா தெரியாது."
சொன்னவர்: அகராதி உதவி ஆசிரியர், அக்கா.
கேட்டவர்: தலைமை ஆசிரியர், சக ஊழியர்கள் ஐந்து பேர்.
இடம்: அலுவலகப் பெரிய மேசை.

நடந்தது இதுதான். மே மாதம் உன் நாற்பது சீட்டுகளையும் முற்றுப்புள்ளி மேசை மேல் பரப்பினார். "யாரும்மா இந்த ஆளு? பாதிச் சீட்டுக்கு மேல ஒரே ஆள்தான் கேக்குறாரு. வாளியோட கதவுப் பக்கத்துல நிக்கிறவரு. அவருதான் இதையெல்லாம் எழுதியிருக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜக்குக்காரி என்னைப் பார்த்து, "உன் தம்பி அங்க அதிகாரிதானே, அவரு ஆபீஸ்ல கூட்டுற ஆளா?" என்றாள். எனக்குக் காது சுட்டது. ஒவ்வொரு மாதமும் உன் கடிதத்தை மேசையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அத்தனை பெருமையும் ஒரே நொடியில் போகப் போகிறது என்று நினைத்தேன். அந்த வாக்கியம் வாயில் தானாக வந்தது. யோசித்துச் சொன்னேன் என்றால்கூட மன்னிக்க முடியும், நான் யோசிக்கவே இல்லை.

அத்தோடு போகட்டும் என்றால், அப்புறம் முற்றுப்புள்ளி சொன்னது இன்னும் மோசம். "நாம எல்லாரும் வாயை வச்சுக்கிட்டு அகராதி எழுதுறோம். இந்த மனுசனுக்குத்தான்மா காது இருக்கு. இவருக்கு நன்றி போடாம புத்தகம் வராது" என்றார். அவர் சிரிக்கவே இல்லை. சிரித்தது மற்றவர்கள்தான். அப்போதாவது நான், சார் அது என் தம்பிதான் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷம் அவகாசம் இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு புத்தகம் அனுப்ப முகவரி கேட்டபோதும், தம்பி மூலமாக அந்த ஆளுக்குப் போய்ச் சேரும் என்றுதான் சொன்னேன். உனக்கு அவமானம் வரக் கூடாது என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை மாதம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். எனக்கு அவமானம் வரக் கூடாது என்றுதான்.

நேற்று அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் முற்றுப்புள்ளியின் மேசையில் வைத்தேன். கீழே, 'யாரைப் பற்றி: உடன்பிறந்த தம்பி' என்று ஐந்தாவது வரி ஒன்றும் சேர்த்திருந்தேன். வாசித்தார். நான் வேலையை விட்டுவிடுகிறேன் சார் என்று சொல்லத் தயாராக நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தம் கையாலேயே அந்தச் சீட்டில் வரிசை எண் போட்டு, 'ஜஸ்ட்' பெட்டியில், உன்னுடைய கூட்ட அறைச் சீட்டுக்கு அடுத்ததாகச் செருகிவிட்டார். "ஒரு ஆளைச் சின்னதாக்கிக் காட்டுறதுக்குச் சொல்றது. நமக்குத் தமிழ்ல எடுத்துக்காட்டு இல்லாம இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் என்றுகூடச் சொல்லவில்லை. நான் என்ன செய்வேன்? அது முழு அகராதியில் வரும். சொன்னவர் யார் என்று அச்சில் வராது, ஆனால் பெட்டி இருக்கிற வரைக்கும் அதில் என் கையெழுத்தில் இருக்கும்.

பிறகு முழு அகராதியின் நன்றிப் பக்கத்துக்கு, அச்சுக்கு முன் திருத்துகிற மெய்ப்புத் தாளை என் பக்கம் தள்ளி, "நீயே எழுதும்மா" என்றார். எழுதினேன். இதோடு வைத்திருக்கிறேன். "'ஜஸ்ட்' சொல்லுக்கு வாக்கியங்கள் தொகுத்து அனுப்பியவர்: துப்புரவுத் தொழிலாளி, உதவி ஆசிரியரின் தம்பி." அன்றைக்கு நீ அந்த அம்மாவிடம் சொன்ன அர்த்தத்தை எனக்காகச் சொன்ன பொய்யாக விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அதுவே அச்சில் இருக்கட்டும்.

தொழிலைப் போட வேண்டாம் என்றால் அடித்துவிடு. உறவைப் போட வேண்டாம் என்றாலும் அடித்துவிடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். நீ கை வைக்காமல் இது அச்சுக்குப் போகாது.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் வெட்கமாக இருக்கிறது.

உன் அக்கா


அக்டோபர் 4

அக்காவுக்கு,

சுகம்.

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கோபம் வந்தது. ஒரு வாரம் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன், இருந்தும்விட்டேன். 'ஜஸ்ட் ஒரு தெரிஞ்ச ஆளு' என்பதை உங்கள் குரலிலேயே கேட்க முடிகிறது. அது கொஞ்ச நாளைக்குக் காதைவிட்டுப் போகாது. என் காது அப்படி, உங்கள் முற்றுப்புள்ளியே சொல்லிவிட்டார்.

மெய்ப்பைத் திருப்பி அனுப்புகிறேன். எதையும் அடிக்கவில்லை. மூன்றாம் மாடி அம்மாவிடம் அன்றைக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு என்று இதுவரை சொல்லவில்லை. இனிமேல் சொல்ல வேண்டியதில்லை, இல்லையா?

ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மார்ச்சிலிருந்து நான் எழுதிய எல்லாக் கடிதங்களையும், இந்த மெய்ப்பையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் அம்மாவுக்கு எதை வாசிப்பீர்கள், எதை விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் இத்தனை நாள் எழுதினேன். இந்தத் தடவை எதையும் விடாமல் வாசியுங்கள். நானே எழுதியிருக்க வேண்டியது, எனக்குத் துணிச்சல் இல்லை.

தம்பி


அக்டோபர் 25

என் தம்பிக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. கூட்ட அறைக் கதவைச் சாத்தியதையும், படியில் உட்கார்ந்ததையும் வாசித்தேன். நான் சொன்ன வாக்கியத்தை வாசிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுடி" என்றாள். சத்தமாகச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கண் தெரியாததால் இல்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

முடித்ததும் சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மகன் கடுதாசியா? ஆபீஸெல்லாம் எப்படி இருக்காம்?" என்று கேட்டாள்.  அம்மா சொன்னாள், "ஆபீஸைக் கூட்டித் தொடைக்கிறான். அஞ்சு மாடியும்." அவள் போன பிறகு தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வரைக்கும் சாப்பிடவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் தானாக என்னைக் கூப்பிட்டாள். "இத்தனை மாசமா அவன்கிட்ட நாற்காலியையும் காத்தாடியையும் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேனே. படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் அவனுக்கு?" என்றாள். அப்புறம் உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிட்டேன் என்றால் நம்ப மாட்டாளாம், வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

"காலையில வாளியில புடிக்கிற தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்குமாப்பா?"

பதில் எழுது.

அக்கா